உஸ்ஸண்ணையின் அம்ப்ளிபயர்

கிளிநொச்சி மாவட்டத்திலேயே சத்தத்தை அதிகம் வெறுத்த மனிதரும், கிளிநொச்சி மாவட்டத்திலேயே பெரிய அம்ப்ளிபயரை வீட்டுக்குள் வைத்திருந்த மனிதரும் ஒருவரேதான். இதைச் சொன்னால் இப்போது வவுனியாவில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். நான் அங்கே கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை பார்த்த காலம் முழுவதும் அவருக்கு அடுத்த வளவில் வாடகைக்கு இருந்தவன்.

அவருடைய சொந்தப் பெயர் அவரது அரிசி மில்லின் பலகையில் எழுதியிருந்தது. தவிட்டுத் தூசி படிந்து அதை யாரும் வாசிக்க முடியாது. எங்கள் ஒழுங்கைக்கு, அந்தச் சின்னத் தெரு முழுவதற்கும், அவர் உஸ்ஸண்ணை. எதிரே வந்து யார் வாயைத் திறந்தாலும் ஆட்காட்டி விரலை உதட்டில் வைத்து "உஸ்ஸ்" என்பார். பிறகு இரண்டு பக்கமும் பார்ப்பார். எங்காவது ஒரு ட்ரக்டர் போய்க்கொண்டிருந்தால் அது மறையும்வரை காத்திருந்து, "இப்ப சொல்லு" என்பார். அதற்குள் சொல்ல வந்தது பாதிப் பேருக்கு மறந்துபோயிருக்கும்.

ஒரு தேர்தல் காலத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. உஸ்ஸண்ணை நடுவில் நின்று மறித்தார்.

"தம்பி, உங்கடை ஆள் என்ன செய்யப்போறார் எண்டதை மெதுவாய்ச் சொல்லுங்கோ. கத்திச் சொன்னால் பொய் மாதிரிக் கிடக்கு."

ஓட்டோக்காரர் பாவம், மைக்கை மடியில் வைத்துவிட்டு வீடு வீடாக இறங்கிப் படலையடியில் நின்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டுப் போனார். அந்த வேட்பாளர் மாவட்டம் முழுக்கத் தோற்றார். எங்கள் ஒழுங்கையில் மட்டும் அவருக்கு நல்ல வாக்கு விழுந்ததாகக் கேள்வி.

முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வருகிற மீன்காரரையும் அவர் விடவில்லை. ஹோர்ன் அடிக்காமல் வரச் சொன்னார். மீன்காரர் மரியாதையான மனிதர். ஹோர்ன் அடிக்காமல் வந்தார், ஹோர்ன் அடிக்காமலே போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஒழுங்கை முழுவதும் பருப்பும் கத்தரிக்காயும் தின்றது.

"இஞ்சாருங்கோ, உங்கடை உஸ்ஸாலை விளைமீன் முழுக்கத் தர்மபுரத்துக்குப் போட்டுது!" என்று குசினிக்குள்ளிருந்து கத்தினார் ராணியக்கா. அவர் உஸ்ஸண்ணையின் மனைவி. ராணியக்காவின் குரல் இருக்கும்வரை எங்கள் ஒழுங்கைக்கு வேறு அறிவிப்பாளர் தேவையில்லை. ஆனால் உஸ்ஸண்ணை திரும்பியும் பார்க்கவில்லை. ராணியக்கா குசினியிலிருந்து கூப்பிட்டால் அவருக்குக் கேட்பதே இல்லை. கலியாணம் கட்டிய ஆண்கள் எல்லாரிடமும் உள்ள திறமைதானே என்று நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இப்படிப்பட்டவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, வழக்கம்போல உஸ் சொல்லி, ஒரு ட்ரக்டரைப் போகவிட்டு, "தம்பி, நான் ஒரு பெரிய அம்ப்ளிபயர் வாங்கப்போறன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனண்ணை, மில் சத்தம் காணாதோ?"

"உனக்கு விளங்கேல்லை. சின்ன அம்ப்ளிபயர்தான் கத்தும். பலம் இல்லாததாலை கத்துது. பெரிசு கத்தாது. உந்த நாலு சில்லு ட்ரக்டர் சேத்துக்குள்ளை மெதுவாய்ப் போகேக்கை பாத்திருக்கிறியே? பதறாது. அப்பிடி."

அன்று முதல் அவருடைய தெரிவுப் படலம் தொடங்கியது. ஓய்வு நேரமெல்லாம் கைப்பேசியில் வெளிநாட்டுக்காரர்கள் அம்ப்ளிபயர்களைப் பிரித்து வைத்துப் பேசுகிற காணொளிகளைப் பார்ப்பார். அந்த மொழிகள் எதுவும் அவருக்குத் தெரியாது. போதாக்குறைக்குச் சத்தத்தையும் அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார். "ஆளின்ரை முகத்தைப் பாத்தால் தெரியும், உண்மையாய்ப் பிடிச்சிருக்கோ, விக்கப் பாக்கிறானோ எண்டு" என்பார். நாட்டில் இறக்குமதித் தடை வந்தது, பிறகு தடை நீங்கியது. உஸ்ஸண்ணை இன்னும் தெரிவு செய்து முடிக்கவில்லை. மில்லுக்கு நெல் கொண்டுவருகிறவர்கள் "இந்தப் போகமாவது அம்ப்ளிபயர் அறுவடையாகுமோ" என்று பகிடி விடத் தொடங்கினார்கள்.

கடைசியில் ஒரு லீவு நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு ரயிலேறிக் கொழும்புக்குப் போனார். எனக்குச் சிங்களம் தெரியும் என்பதால் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கையில் ஒரே ஒரு சீடி இருந்தது. தனிப் புல்லாங்குழல் இசை, பக்கவாத்தியம் எதுவும் இல்லை.

முதற் கடை வெள்ளவத்தைப் பக்கம். கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, கழுத்துப்பட்டி கட்டிய விற்பனையாளர். அவர் தன் வீரத்தைக் காட்ட ஒரு குத்தாட்டப் பாட்டைப் போட்டு முழுக்கத் திருகினார். என் சேர்ட் பொத்தான்கள் துடித்தன. உஸ்ஸண்ணை விரலை உதட்டில் வைத்தார். விற்பனையாளர் கொஞ்சம் குறைத்தார். விரல் இறங்கவில்லை. இன்னும் குறைத்தார். பாட்டு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குக் குறைந்த பிறகுதான் விரல் இறங்கியது.

"சேர், இது பெரிய சத்தத்துக்கெண்டே செய்தது."

"சத்தம் எனக்கு மில்லிலை சும்மா கிடைக்குது, தம்பி. நான் காசு குடுத்து வாங்க வந்தது மற்றதை."

பிறகு பாட்டையும் நிற்பாட்டச் சொன்னார். அம்ப்ளிபயர் மட்டும் விழித்திருக்க, ஸ்பீக்கர் பெட்டிக்குக் கிட்டப் போய் என்னைக் கூப்பிட்டார்.

"காதை வைச்சுப் பார். நுளம்பு இரையுதோ?"

வைத்தேன். கொசு பறப்பதுபோல மெல்லியதாக ஒரு கீச்சுச் சத்தம் இருந்தது. "ஓமண்ணை, கொஞ்சம் இரையுது."

"வா, போவம்."

இப்படி அன்று பல கடைகள் ஏறி இறங்கினோம். ஒவ்வொரு கடையிலும் என் காதைப் பிடித்து ஸ்பீக்கரில் வைப்பார். நுளம்பு இருந்தால் வெளியேற்றம். ஒரு விற்பனையாளர் பொறுக்க மாட்டாமல், "சேர், பாட்டும் இல்லாமல் என்னத்தைக் கேட்கிறீங்க?" என்றார். "ஒண்டுமில்லாததை" என்றார் உஸ்ஸண்ணை. அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வையில், ஆளை நல்ல டொக்டரிடம் காட்டுங்கள் என்று எழுதியிருந்தது.

டொக்டரிடம் அவர் ஏற்கெனவே போயிருந்தார். அது எனக்குத் தெரியவந்தது திரும்பி வரும்போது, ரயில் ஏதோ ஒரு சிறிய நிலையத்தில் எஞ்சின் அடங்கி நின்றுகொண்டிருந்த நேரத்தில்.

"உன்னை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனான் தெரியுமோ?"

"சிங்களத்துக்குத்தானே அண்ணை?"

"கடையிலை எல்லாரும் தமிழ்தானே கதைச்சாங்கள். காதுக்கு, தம்பி. உன்ரை காதுக்கு."

வவுனியாவில் காது பார்க்கிற டொக்டர் அவரை ஒரு சிறிய அறைக்குள் இருத்தி, சத்தம் கேட்டதும் பொத்தானை அமத்தும்படி சொல்லியிருக்கிறார். "நான் கனநேரம் அமத்தாமலே இருந்தன். மெஷின் பழுதெண்டு நினைச்சன்" என்றார் உஸ்ஸண்ணை. "மில் சத்தமோ, சண்டைக் காலத்துச் செல்லடிச் சத்தமோ எண்டு டொக்டர் கேட்டார். ரண்டுக்கும் நடுவிலைதான் இருந்தனான், எது எவ்வளவு கொண்டுபோச்சுதெண்டு எனக்கென்னண்டு தெரியும் எண்டன். கீச்சுச் சத்தங்கள்தான் முதல்லை போகுமாம். குருவி போட்டுது. நுளம்பு போட்டுது. வேறை சத்தம் கலந்தால் ஆக்கள் கதைக்கிறதும் கலங்கிப்போகுது. அதுதான் உஸ் எண்டுறனான். ராணி குசினியிலை நிண்டு கூப்பிடுறதும் போட்டுது."

"அது ஒருவிதத்திலை நல்லதுதானே அண்ணை" என்றேன், சூழ்நிலையை இலகுவாக்க நினைத்து.

அவர் சிரிக்கவில்லை. "இல்லையடா தம்பி. அதைத்தான் நான் எல்லாத்தையும்விடக் கூடத் தேடுறன்" என்றார்.

காதுக்கு மெஷின் போடலாமே என்று கேட்டேன். மில்லுக்குள் அதைப் போட்டுக்கொண்டு நின்றால் மண்டை வெடித்துவிடும் என்றார். பிறகு அந்தச் சீடியைப் பற்றிச் சொன்னார். குழல் வாசிக்கிறவர் முதல் சுரத்துக்கு முன்னால் ஒரு மூச்சு இழுப்பாராம். அவ்வளவுதான். அந்த மூச்சுச் சத்தத்தை அவர் ஒருகாலத்தில் கேட்டிருக்கிறார். இப்போது வீட்டிலிருக்கிற பழைய செற்றில் அது இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோகிறது. "மிச்சக் காது இருக்கேக்கையே அதை ஒருக்கால் வடிவாய்க் கேட்டிடவேணும்" என்றார். ரயில் மறுபடி இரையத் தொடங்கியதும் கதையை நிறுத்திவிட்டு வெளியே பார்த்தார்.

அதுவரை ஒழுங்கை முழுவதும் அவரை அமைதி விசர் பிடித்தவர் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அடுத்தமுறை அவர் கூப்பிடுவதற்கு முன்பே நான் வெளிக்கிட்டு நின்றேன்.

தேடிய அம்ப்ளிபயர் கடைசியில் கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் கிடைத்தது. விற்றவர் வயதான மனிதர், அவரும் உஸ் கட்சி. எங்களை உள்ளே விட்டார், கதிரையைக் காட்டினார், தானும் இருந்தார். கனநேரம் ஒருவரும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. இரண்டு பேருக்கும் அது மிகவும் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். நான்தான் இருமி மாட்டிக்கொண்டேன்.

அம்ப்ளிபயர் கறுப்பாக, இரண்டு பக்கமும் இரும்புச் செதிள்களோடு, ஒரு நெல்மூட்டையைப் போலக் குந்தியிருந்தது. நான் போய்க் காதை வைத்தேன்.

"நுளம்பு?"

"இல்லையண்ணை."

"வடிவாய்க் கேள்."

"ஒண்டுமே இல்லையண்ணை."

சீடியைப் போட்டார்கள். உஸ்ஸண்ணை கண்ணை மூடினார். குழல் தொடங்குவதற்கு முன்னால் அவருடைய விரல் உயர்ந்தது. இந்தமுறை உதட்டுக்குப் போகவில்லை, காற்றில் நின்றது. ஒருவர் மூச்சை இழுப்பது எனக்கும் கேட்டது, பக்கத்துக் கதிரையில் இருப்பவர் இழுப்பதுபோல. உஸ்ஸண்ணை கண்ணைத் திறந்து, "இதுதான்" என்றார். விலையை அவர் ராணியக்காவுக்கு இன்றுவரை சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

லொறியிலிருந்து அதை இறக்க மில்லின் மூட்டை தூக்குகிற ஆட்கள் நாலு பேர் வேண்டியிருந்தது. ஒழுங்கை முழுவதும் படலையடிக்கு வந்து பார்த்தது. அந்த வகை அம்ப்ளிபயர் பாடினாலும் பாடாவிட்டாலும் ஒரேயளவு மின்சாரம் குடித்து, தொட முடியாத அளவுக்குச் சூடாகிவிடும். "சும்மா இருக்கேக்கையும் முழுப் பலத்தோடை நிக்கும். அதாலைதான் அந்தச் சுத்தம்" என்று உஸ்ஸண்ணை பெருமையாக விளக்கினார். ராணியக்கா கையை மேலே பிடித்துப் பார்த்தார். அடுத்தநாள் போனபோது அதன் முதுகில் ஒரு சுளகும், சுளகில் மோர்மிளகாயும் இருந்தன. மாரிகாலம், வெயில் இல்லை.

"இவ்வளவு பெரிசு வீட்டிலை நிக்கிறதுக்கு இதையாவது செய்யட்டும்" என்றார் ராணியக்கா.

பின்னேரம் மில்லை நிறுத்திய பிறகு, மின்சாரம் நிதானமானதும் உஸ்ஸண்ணை குழலைப் போடுவார். அந்த மூச்சு வரும் இடத்தில் விரல் உயரும். ராணியக்காவும் குசினிக்குள் சட்டியை வைத்தபடி வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பார். ராணியக்கா பேசாமல் நிற்பதை நான் கண்ணால் கண்டது அந்த நேரங்களில்தான்.

எங்கள் ஒழுங்கைப் பிள்ளையாருக்குத் திருவிழா வந்தது. எங்கள் பக்கத்தில் திருவிழா நோட்டீஸ் என்றால் எந்தநாள் யாருடைய உபயம் என்று பெயர் அச்சிட்டு வரும். பூ ஒருவர், அன்னதானம் ஒருவர், மேளம் ஒருவர். பெயர் அச்சில் விழுந்துவிட்டால் விழுந்ததுதான். முடியாது என்றால் அது செயலாளருக்குச் சொன்னதாகாது, பிள்ளையாருக்குச் சொன்னதாகிவிடும்.

செயலாளர் நோட்டீஸோடு வந்தார். அதில் "ஒலியமைப்பு உபயம்" என்று போட்டு உஸ்ஸண்ணையின் மில்லின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது.

"இது ஆர் சொல்லிப் போட்டது?" என்றார் உஸ்ஸண்ணை.

"ஆர் சொல்லவேணும் அண்ணை? பெட்டி வந்து இறங்கினதை ஊரே பாத்தது. போன வருசக் கூட்டத்திலை கோயில் அம்ப்ளிபயர் கத்துது, மாத்துங்கோ எண்டு நீங்கள்தானே எழும்பி நிண்டு சொன்னனீங்கள்?"

"இது வீட்டிலை பாட்டுக் கேக்க வாங்கினது."

"வீட்டிலையோ? இந்தப் பெரிசோ?" செயலாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சும்மா பகிடி விடாதையுங்கோ அண்ணை."

ராணியக்கா வெளியே வந்தார். செயலாளருக்கு இன்றைக்கு இருக்கிறது என்று நான் நினைத்தேன். அவர் நோட்டீஸை வாங்கிப் பார்த்தார். மில்லின் பெயருக்குக் கீழே "திருமதி ராணி குடும்பத்தினர்" என்றும் இருந்தது. அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "பேர் வடிவாய்த்தான் விழுந்திருக்கு" என்றார். உஸ்ஸண்ணை அவரைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு செயலாளரிடம், "இது வந்தால் நானும் கூட வருவன்" என்று மட்டும் சொன்னார்.

சொன்னபடி வந்தார். வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்களை இறக்கச் சொல்லிவிட்டு, வாடகைக்கு நல்ல ஸ்பீக்கர் பெட்டிகள் எடுப்பித்தார். அம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக்கொண்டு திருவிழா முழுவதும் இருந்தார். ஒலிபெருக்கிக்காரர் கையை நீட்டினால் உஸ். செயலாளர் மைக்கைத் தொட்டால் உஸ். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்த வருடம்தான் எங்கள் ஒழுங்கைக்குத் தேவாரத்தில் சொற்கள் இருப்பது தெரியவந்தது. அதுவரை நாங்கள் அதை ஒரு நீண்ட இரைச்சல் என்றே நினைத்திருந்தோம். மீன்காரர்கூட மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு பாட்டு முடியும்வரை கேட்டுவிட்டுப் போனார்.

தேரன்று உஸ்ஸண்ணை வடம் பிடிக்கப் போனார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஒலிபெருக்கிக்காரர் அவசரத்தில் அம்ப்ளிபயரை ஜெனரேட்டரில் கொழுவினார். பந்தலில் இருந்த மின்குமிழ்கள் ஒருமுறை வெள்ளையாய் எரிந்து அடங்கின. சத்தம் மறுபடி வந்தது. தேரும் இருப்புக்கு வந்தது. பிள்ளையார் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஆகியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து போட்ட முதல் நாளே, உஸ்ஸண்ணை மில்லில் நிற்கும்போது ராணியக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பாட்டு எதுவும் இல்லாமலே ஸ்பீக்கரில் நுளம்பு இரைந்தது. காதை வைக்கத் தேவையில்லை. வாசலிலேயே கேட்டது. மெல்லிய, விடாத கீச்சுச் சத்தம்.

"திருத்தலாம்தானே தம்பி?"

கொழும்பில் விற்ற மனிதருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். இங்கே அதைத் திறக்க ஆளில்லை என்றும், வெளிநாட்டுக்கு அனுப்பினால் எப்போது திரும்பும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். ராணியக்கா கதிரையில் இருந்துவிட்டார். "அந்த நோட்டீஸைப் பாத்து நான்தான் பல்லைக் காட்டினனான்" என்றார். அவருடைய குரல் இவ்வளவு சின்னதாக வரும் என்று எனக்குத் தெரியாது.

பின்னேரம் செயலாளரும் ஒலிபெருக்கிக்காரரும் விஷயம் கேள்விப்பட்டு மன்னிப்புக் கேட்க வந்து விறாந்தையில் நின்றார்கள். மில் நின்றது. உஸ்ஸண்ணை தவிட்டுத் தூசியைத் தட்டிக்கொண்டு வந்து, எல்லாரையும் இருக்கச் சொல்லி, அம்ப்ளிபயரைப் போட்டார். நுளம்பு இரையத் தொடங்கியது. செயலாளர் நிலத்தைப் பார்த்தார். ஒலிபெருக்கிக்காரர் கூரையைப் பார்த்தார்.

உஸ்ஸண்ணை குனிந்து ஸ்பீக்கரில் தன் காதை வைத்தார். பிறகு மற்றக் காதை வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, இஞ்சை வா. நுளம்பு இரையுதோ?"

நான் எழும்பிப் போனேன். அவருடைய தோளுக்குப் பின்னால் குசினி வாசலில் ராணியக்கா நின்றார். மீன் தர்மபுரத்துக்குப் போனதை ஊருக்கே அறிவித்த அந்த ராணியக்கா, ஆட்காட்டி விரலை உதட்டில் வைத்திருந்தார். கண் நிறைந்திருந்தது.

காதை வைத்தேன்.

"ஒண்டும் இல்லையண்ணை."

"வடிவாய்க் கேட்டனியே?"

"ஓமண்ணை. ஒண்டுமே இல்லை."

அவருடைய முகம் முழுவதும் விரிந்தது. "பாத்தியே! உனக்கும் கேக்கேல்லை, எனக்கும் கேக்கேல்லை. அப்ப என்ரை காது இன்னும் அவ்வளவு மோசமில்லை" என்றார். திரும்பி, "ராணி, கேட்டனியே?" என்றார். "ஓம், கேட்டனான்" என்றார் ராணியக்கா. செயலாளர் மூக்கைச் சிந்தினார். உஸ்ஸண்ணை அவரைப் பார்த்து "உஸ்ஸ்" என்று சொல்லிவிட்டுக் குழலைப் போட்டார். மூச்சு வரவேண்டிய இடத்தில் விரல் சரியாக உயர்ந்தது. அது அவருக்குக் கேட்டதா, நினைவில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

பிறகு எனக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தது. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். பின்னேரங்களில் மில்லை நிறுத்திவிட்டுக் குழல் கேட்கிறாராம். ஒழுங்கையில் ஒருவரும் இதுவரை வாய் திறக்கவில்லை. எங்கள் ஒழுங்கை ஒரு விஷயத்தில் பேசாமல் இருந்தது என்றால் அது இதில் மட்டும்தான்.

இங்கே என் அறையில் நுளம்பு அதிகம். காதருகே ஒன்று வந்து இரைந்தால் அடிக்கக் கை போகும். ஆனால் உடனே அடிப்பதில்லை, அவருக்காகவும் சேர்த்துக் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருப்பேன்.